அக்கரையில் காய்ச்சல் என்றால் இக்கரைக்கு எப்போது தெரியும்? ராமநாதபுரம் கரையோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரோனா அடங்கிய பிறகும் ராமேசுவரம், பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் சுகாதாரம் பற்றிப் பேச்சு வந்தால் இதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அடுத்த நாடான இலங்கை கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர்கள் என்பதால், வேறு எங்கும் கேட்காத கேள்விகளும் இதில் உண்டு.

கொள்ளைநோய் என்றால் பெரிய விமான நிலையம் இருக்கும் ஊர்கள்தானே கவலைப்பட வேண்டும்? எங்களுக்கு என்ன?

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். அங்கிருந்து நம்முடைய மாவட்டத் தலைநகருக்கு வருவதில் பாதித் தூரம்கூட இல்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய காலத்திலேயே இந்தக் கவலை அரசுகளுக்கு இருந்தது. மண்டபம் முகாம் இன்று அகதிகள் முகாமாகத்தான் நமக்குத் தெரியும். அதை முதலில் கட்டியது, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைச் சில நாள் தங்கவைத்துப் பிளேக், காலரா, பெரியம்மை இல்லை என்று பார்த்து அனுப்புவதற்காக. நடத்தியது அன்றைய இலங்கை அரசு. எல்லை தாண்டும் நோயைத் தடுக்கும் ஏற்பாடு நம் ஊருக்குப் புதிதல்ல.

இந்தக் காலத்து உதாரணமும் இருக்கிறது. இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கியது. அதே ஆண்டின் கடைசியில் மன்னார்த் தீவில் அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்ற மலேரியா கொசுவைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் அந்த நாட்டில் அந்தக் கொசு பதிவானதே இல்லை. நம் பக்கத்தில் அது பழைய குடித்தனக்காரர்: கிணறு, சிமென்ட் தொட்டி, மொட்டை மாடி சின்டெக்ஸ் தொட்டி என்று நல்ல தண்ணீராகப் பார்த்து முட்டை போடும். தண்ணீர்ப் பஞ்சத்தால் எல்லா வீட்டிலும் பிடித்துவைக்கும் ராமேசுவரம் தீவில் அதற்குக் குறை என்ன? அது தென்னிந்தியாவிலிருந்து கடல் தாண்டிப் போயிருக்கலாம் என்பதுதான் ஆய்வாளர்களின் வலுவான சந்தேகம். கொசு போகும் பாதையில் கிருமியும் போகும்.

அங்கே அதைப் பிடித்துக் கொடுத்தது பெரிய கருவி எதுவும் இல்லை. ஆட்கள் கிணறு கிணறாகப் போய்க் கரண்டியால் கொசுப்புழு மொண்டார்கள். வழக்கத்துக்கு மாறாக ஒன்று தெரிந்ததும் மரபணுச் சோதனை செய்து இன்னதென்று உறுதிப்படுத்தினார்கள். தொழில்நுட்பம் என்று இந்தப் பக்கத்தில் பேசுவதெல்லாம் இப்படித்தான். கரண்டியோடு போகிற ஆள் இல்லாவிட்டால் ஆய்வகத்துக்கு வேலையே இல்லை.

இன்று மண்டபத்தில் ஒருவருக்கு இனம் தெரியாத காய்ச்சல் வந்தால், மன்னார் ஆஸ்பத்திரிக்கு அது எப்படித் தெரியவரும்?

இதற்குக் கொஞ்சம் விரிவாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் நம் பக்கம். நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004 முதல் இருக்கிறது. ஊரில் நர்ஸம்மா பார்க்கும் சந்தேக நோயாளிகள் எஸ் படிவத்தில், டாக்டர் பார்த்து இன்ன நோயாக இருக்கலாம் என்று நினைப்பவை பி படிவத்தில், ஆய்வகம் உறுதி செய்பவை எல் படிவத்தில் ஏறும். முன்பு வாரத்துக்கு ஒருமுறை திரட்டி அனுப்பினார்கள். 2021 ஏப்ரலில் இது ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளம் என்ற இணையத் தளத்துக்கு மாறியது. கண்காணிக்கும் நோய்கள் 18இலிருந்து 33 ஆயின. இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நேராகக் கணினியிலோ செல்பேசியிலோ ஏற்றலாம். வாரக் கணக்கு நாள் கணக்காகச் சுருங்கிவிட்டது.

அப்புறம்தான் சுற்று. ராமநாதபுரம் மாவட்டக் கண்காணிப்புப் பிரிவு, சென்னை, பிறகு டெல்லியில் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம். உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும் சர்வதேச சுகாதார விதிகளின்படி வெளிநாட்டோடு பேசும் வாசல் அதுதான். பெரிய ஆபத்தாக இருக்குமோ என்று 48 மணி நேரத்துக்குள் மதிப்பிட வேண்டும். ஆம் என்றால் அடுத்த 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் வழியாகக் கொழும்பு. கொழும்பிலிருந்து மன்னார் சுகாதார வைத்திய அதிகாரிக்கு.

கண்ணுக்கெட்டும் கரைக்குச் சேதி போக இவ்வளவு தூரம். அதுவும் பெரிய ஆபத்து என்று டெல்லி முடிவு செய்தால்தான். நோய் கடுமையானதா, வழக்கத்துக்கு மாறானதா, நாடு தாண்டிப் பரவுமா, அதனால் பயணத்துக்கும் வணிகத்துக்கும் தடை வருமா என்ற நாலு கேள்வியில் இரண்டுக்காவது ஆம் என்று பதில் வர வேண்டும். பாம்பனில் இந்த மாதம் மலேரியா கொஞ்சம் கூடுதல் என்பது போன்ற சேதி இந்த வழியில் போகவே போகாது. மன்னாருக்கு உண்மையில் தேவைப்படுவதோ அந்தச் சின்னச் சேதிதான்.

இரண்டு பக்கத்து டாக்டர்களும் ஒரு வாட்ஸப் குழு வைத்துக்கொண்டால் போதாதா?

போதாது, ஆனால் கேள்வி நியாயமானது. அரசு மருத்துவர் வெளிநாட்டு அதிகாரிக்கு நோயாளி விவரம் அனுப்பினால் அவர் தலைக்குத்தான் வினை. அதனால் எழுத்துபூர்வமான ஏற்பாடு வேண்டும். பக்கத்து நாடுகள் தங்களுக்குள் தனி ஏற்பாடு செய்துகொள்ள சர்வதேச சுகாதார விதிகளே இடம் தருகின்றன.

இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். மேகாங் ஆற்றுப்படுகை நாடுகளான கம்போடியா, லாவோஸ், மியான்மர், தாய்லாந்து, வியட்நாம், சீனா ஆறும் 2001இல் ஒப்பந்தம் போட்டன. எல்லையில் எதிரெதிரே இருக்கும் மாகாணங்களின் சுகாதார அதிகாரிகள் ஒருவரோடொருவர் நேராகத் தகவல் பரிமாறிக்கொள்ள அதில் வழி செய்தார்கள். தலைநகரங்களுக்கும் தகவல் போகும், ஆனால் அங்கிருந்து பதில் வரட்டும் என்று எல்லை ஊர் கைகட்டி உட்கார்ந்திருக்காது. அந்த நாடுகளுக்குள் சண்டை சச்சரவு நமக்கும் இலங்கைக்கும் இருப்பதைவிடக் குறைவு என்று சொல்ல முடியாது. ராமநாதபுரத்துக்கும் மன்னாருக்கும், நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அதேபோல் ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதுதான் என் கட்சி. செலவு அதிகமில்லை. இரண்டு அலுவலகம், இரண்டு பக்கமும் தெரிந்த ஒரே மொழி. தமிழிலேயே பேசிக்கொள்ளலாமே!

இலங்கை என்ன மென்பொருள் வைத்திருக்கிறது? நம்முடையதோடு ஒத்துப்போகுமா?

ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான டிஹெச்ஐஎஸ்2 என்ற திறந்த மூல மென்பொருள். 2020 ஜனவரி 27 அன்று இலங்கையில் முதல் கொரோனா நோயாளி உறுதியானார். அந்த வாரங்களிலேயே, நாட்டுக்குள் வருபவர்களைப் பதிந்து பின்தொடர அங்குள்ள குழு இதில் ஒரு பகுதியை எழுதிச் சேர்த்துவிட்டது. பிறகு பல பத்து நாடுகள் அதை எடுத்துப் பயன்படுத்தின. இந்தியா கணினியில் பெரிய ஆள்தான், ஆனால் இந்த விஷயத்தில் முந்திக்கொண்டது அக்கரை.

ஒத்துப்போகுமா என்றால், போகவைக்கலாம். சுகாதாரத் தரவுக்கு உலகப் பொது வடிவங்களும் நோய்களுக்குப் பொதுக் குறியீட்டு எண்களும் இருக்கின்றன. சிக்கல் வேறு இடத்தில். நம் பட்டியலில் தகப்பன் பெயர் முன்னெழுத்தாகப் போகும், அவர்கள் பட்டியலில் அது முழுப் பெயராக முன்னால் நிற்கும். கரையூர்களில் ஒரே தெருவில் நாலு அந்தோணி, ஐந்து சவேரியார் இருப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு பெயருக்கு மூன்று எழுத்துக்கூட்டு. கணினி இவர்களை ஒன்றாகச் சேர்த்துவிடும், அல்லது ஒரே ஆளை மூன்றாகப் பிரித்துவிடும். அதனால் எல்லை தாண்டுவது பெயராக இருக்கக் கூடாது. எண்ணிக்கை, வயது வரம்பு, ஊர்ப் பகுதி, நோய்க்குறி, தேதி என்ற ஐந்தும் போனாலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். யாருடைய அந்தரங்கமும் வெளியே போகாது.

கடலில் இருக்கும்போது காய்ச்சல் கண்டால்?

விசைப்படகுகளில் விஎச்எஃப் என்ற ரேடியோ இருக்கிறது. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் பொருத்திய படகில் செல்பேசிக் கோபுரம் எட்டாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி இருபக்கமும் போகும். புயல் எச்சரிக்கைக்கும் ஆபத்து அழைப்புக்கும் என்று கொடுத்தார்கள். அதே கருவியில் "இரண்டு பேருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு மூச்சுத் திணறல்" என்று கரைக்குச் சொல்ல முடிந்தால், படகு வருமுன் ஆம்புலன்ஸ் நிற்கும். கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, இரண்டு எண்ணும் படகில் எழுதி ஒட்டியிருக்கட்டும்.

இங்கே நம் கையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருளை யாரும் சுகாதாரக் கண்ணோடு பார்ப்பதில்லை: மீன்துறை தரும் டோக்கன். எந்தப் படகு, எந்த நாள் கடலுக்குப் போனது என்று அதில் தெரிந்துவிடும். படகில் போனவர் யார் யார் என்று படகு முதலாளியான சம்மாட்டிக்குத் தெரியும். நோயாளியோடு பழகியவர்களைத் தேட நகரத்தில் நாய்படாத பாடு படுகிறார்கள். நமக்கு ஒரு படகு என்றால் ஐந்தாறு பேர், ஒரு ராத்திரி முழுக்க ஒரே தட்டில். கரை ஏறியபின் ஏலக்காரர், ஐஸ் அடிக்கும் பையன், லோடு ஏற்றுபவர். அவ்வளவுதான் பட்டியல். டோக்கன் பதிவேட்டை, தேவைப்படும் நாளில் மட்டும், ஆரம்ப சுகாதார நிலையம் பார்க்க அனுமதித்தால் புதிதாக எந்த ஆப்பும் எழுத வேண்டாம்.

நாட்டுப்படகு, வல்லம், கரைவலைக்காரர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு ஊர்த் தலைவரும் நர்ஸம்மாவும்தான்.

ஆரோக்கிய சேது மாதிரி ஓர் ஆப் மறுபடி வந்தால் உதவுமா?

இந்தக் கரையில் பெரிதாக உதவாது. 2020 ஏப்ரலில் வந்த அந்த ஆப் ப்ளூடூத் வழியாகப் பக்கத்தில் இருக்கும் செல்பேசிகளைக் குறித்துவைத்தது. கடலுக்குப் போகிறவர் செல்பேசியைப் பாலித்தீன் பையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருப்பார், பாதிப் பேரிடம் சாதாரண பட்டன் போன்.

கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் போக சான்றிதழ் கேட்பார்களா? க்யூஆர் கோடு எப்படி வேலை செய்கிறது?

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு இரு நாட்டாரும் பாஸ்போர்ட் இல்லாமல் வந்து கூடுகிறார்கள். போகிறவர் பெயரும் படகும் முன்கூட்டியே பதிவாகிறது. ஒரு கொள்ளைநோய்க் காலத்தில் விழாவை அடியோடு நிறுத்துவதா, தடுப்பூசி போட்டவர்களை மட்டும் விடுவதா என்ற கேள்வி வந்தால் சான்றிதழ்தான் கைகொடுக்கும்.

கோவின் சான்றிதழில் இருக்கும் க்யூஆர் கோடு வெறும் படம் இல்லை. அதற்குள் உங்கள் விவரமும் அதைக் கொடுத்த அரசின் மின் கையொப்பமும் இருக்கின்றன. சரிபார்ப்பவரிடம் அந்த அரசின் பொதுச் சாவி, அதாவது கையொப்பத்தைச் சரிபார்க்க அரசு வெளியிடும் எண், முன்கூட்டியே இருந்தால், இணையம் இல்லாத தீவிலும் உண்மையா போலியா என்று சொல்லிவிடலாம். ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. கோவினுக்குச் சான்றிதழ் அடித்துக் கொடுத்த டிவோக் என்ற திறந்த மூல மென்பொருளையே இலங்கையும் தன் தடுப்பூசிச் சான்றிதழுக்கு எடுத்துக்கொண்டது. ஆக இரண்டு நாட்டுச் சான்றிதழும் ஒரே வார்ப்பு. ஒருவர் சாவியை மற்றவர் ஏற்பது மட்டும் அரசு முடிவு. 2023 ஜூனில் ஐரோப்பிய ஏற்பாட்டை எடுத்து உலக சுகாதார நிறுவனம் தொடங்கிய சான்றிதழ் வலைப்பின்னல், இப்படி நாடுகளின் சாவிகளை ஓரிடத்தில் வைத்து நம்பிக்கை தருவதற்குத்தான்.

சோதனைக்கு மாதிரியை வெளியூருக்குத்தான் அனுப்ப வேண்டுமா?

எல்லாவற்றுக்கும் வேண்டாம். கோவாவில் தயாராகும் ட்ரூநாட் என்ற கருவி பெட்டி அளவுதான், பேட்டரியில் ஓடும், சுமார் ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்லும். காசநோய்க்கு வந்தது, கொரோனாவுக்கும் நிபாவுக்கும் பயன்பட்டது. பாலம் அடைத்தால் துண்டாகிப்போகும் தீவுக்கு இந்த மாதிரிக் கருவிதான் சரி. கிருமியின் மரபணு வரிசையைப் படிக்க வேண்டுமென்றால் சென்னைக்குப் போகத்தான் வேண்டும். தமிழக அரசு 2021இல் அங்கே தனக்கென ஓர் ஆய்வகம் திறந்தது.

வரிசையைப் படித்தபின் உலகத்துக்குச் சொல்வதில்தான் வம்பு. 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் ஒமிக்ரான் வகையைக் கண்டுபிடித்து உடனே அறிவித்தார்கள். கைமேல் கிடைத்த பலன், பல நாடுகள் அவர்கள் விமானங்களை நிறுத்தியது. முதலில் சொன்னவனுக்குத்தான் முதல் அடி என்றால் அடுத்த முறை யார் வாய் திறப்பார்கள்? நம் அளவுக்கு இறக்கிப் பாருங்கள்: பாம்பனில் புதுக் காய்ச்சல் என்று அறிவித்த மறுநாள் பாம்பன் மீனுக்கு விலை விழுந்தால், அடுத்த வருடம் பாம்பனிலிருந்து சேதியே வராது. சொன்ன ஊருக்கு நட்டஈடு என்று யாராவது முதலில் எழுதிவைக்க வேண்டும். அதற்கு மென்பொருள் கிடையாது.

கழிவுநீரில் கிருமி பார்ப்பது இங்கே நடக்குமா?

ஓரளவுக்கு. மும்பையில் 2001 முதலே சாக்கடை நீரில் போலியோ கிருமி தேடுகிறார்கள். கொரோனா காலத்தில் இது பல நகரங்களுக்குப் பரவியது. பாதாளச் சாக்கடை இல்லாத கரையூர்களில் எங்கே போய் மொள்வது? ஆனால் வடக்கேயிருந்து ரயில் ரயிலாக யாத்ரீகர்கள் வந்திறங்கும் ராமேசுவரத்தில், பெரிய விடுதிகளின் கழிவுத் தொட்டிகளிலும் நாகப்பட்டினம் காங்கேசன்துறைக் கப்பலிலும் செய்து பார்க்கலாம். யாரையும் மூக்கில் குச்சி விட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்பதே இதன் பெரிய வசதி.

நான் கொடுக்கும் தகவல் க்யூ பிராஞ்ச் போலீசுக்குப் போகுமா?

உண்மையில் எல்லாரும் கேட்க வருவது இதைத்தான். மற்றக் கேள்விகள் இதற்கு முன்னுரை.

இந்தக் கடலில் எல்லாப் போக்குவரத்தும் டோக்கனில் இல்லை. இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்திய பிறகு இங்கிருந்து எவ்வளவு மஞ்சள் மூட்டை பிடிபட்டது என்று பத்திரிகை படிக்கிற எல்லாருக்கும் தெரியும். நடுக்கடலில் மூட்டை கைமாறும்போது மூச்சும் கைமாறும். 2022 மார்ச்சில் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது குழந்தை குட்டிகளோடு வந்து தனுஷ்கோடி மணல்திட்டுகளில் இறங்கியவர்களை நாம் பார்த்தோம். இப்படி வருபவர், போகிறவர் யாரும் காய்ச்சல் வந்தால் சுகாதார நிலையத்தில் எங்கே போய்விட்டு வந்தேன் என்று வாய் திறக்கமாட்டார். கண்காணிப்பில் பெரிய ஓட்டை இதுதான், செயற்கைக்கோளால் அடைக்க முடியாத ஓட்டை.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் 2023ஆம் ஆண்டு எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இலங்கையில் 2022ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். இரண்டிலும் அரசுக்கு விலக்குகள் உண்டு. அதனால் சட்டத்தை மட்டும் காட்டி யாரையும் பேசவைக்க முடியாது. நான் எதிர்பார்ப்பது இதுதான்: நோய்த் தகவல் எடுக்கும் இடத்தில் போலீஸ் உட்காரக் கூடாது, எங்கே போனாய் என்ற கேள்விக்குப் பதிலாக எத்தனை பேரோடு இருந்தாய் என்று கேட்க வேண்டும், சுகாதாரத்துக்குக் கொடுத்த தகவல் வழக்குக்குப் பயன்படாது என்று ஆட்சியர் எழுத்தில் தர வேண்டும். அது வரும்வரை ஆள் மாற்றித்தான் சேதி வரும். பங்குத்தந்தையிடம் சொல்வார்கள், ஜமாத்தில் சொல்வார்கள், நர்ஸம்மாவிடம் தன் மச்சானுக்குக் காய்ச்சல் என்று சொல்வார்கள். அந்த மச்சான் யார் என்று நர்ஸம்மாவுக்குத் தெரியும்.

செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடாதா?

2019 டிசம்பர் கடைசியில் வூகான் நிமோனியா பற்றி உலகுக்கு முதலில் எச்சரித்தவற்றில் ஒன்று புரோமெட் என்ற மின்னஞ்சல் சேவை. மனிதர்கள் படித்துத் தேர்ந்தெடுத்து அனுப்புவது. அதே நாட்களில் கனடாவின் ப்ளூடாட் நிறுவனக் கணினியும் கண்டுபிடித்தது. இரண்டுக்கும் இரை ஊரில் யாரோ எழுதிய செய்திதான். பரமக்குடிப் பதிப்பில் வந்த நாலு வரியைக் கணினி படிக்க வேண்டுமென்றால் முதலில் நாலு வரி வர வேண்டும்.

பறவைக் காய்ச்சல்?

சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் கண்மாய்களுக்கும் தனுஷ்கோடிக்கும் வலசை வரும் பறவைகளுக்கு விசா கிடையாது. செத்த பறவைகளைக் கூட்டமாகக் கண்டால் கையால் தொடாமல் கால்நடைத் துறைக்கும் வனத்துறைக்கும் சொல்லுங்கள். இடம் தெரியும்படி ஒரு படம் போதும்.

கொள்ளைநோய் பற்றி உலக ஒப்பந்தம் ஒன்று வந்திருக்கிறதாமே?

2025 மே மாதம் உலக சுகாதார சபை ஏற்றது. கிருமி மாதிரியைக் கொடுக்கும் நாட்டுக்குத் தடுப்பூசியில் என்ன பங்கு என்ற முக்கியமான பகுதியைப் பின்னிணைப்பாகத் தனியே பேசித் தீர்க்க விட்டார்கள். அது முடிந்தபின்தான் கையெழுத்து. 60 நாடுகள் உறுதி செய்தால்தான் நடைமுறை. அதைவிட நமக்குக் கிட்டத்தில் இருப்பது, 2025 செப்டம்பர் 19 முதல் நடப்புக்கு வந்த சர்வதேச சுகாதார விதித் திருத்தங்கள். கொள்ளைநோய் அவசரநிலை என்ற புதிய படி அதில் சேர்ந்திருக்கிறது. மன்னாருக்கும் நமக்கும் நேர்வழி போட இவை இரண்டுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

இலங்கையில் பிடிபட்டு விடுதலையாகி வருகிற மீனவர்களை எங்கே பரிசோதிக்க வேண்டும்?

தனுஷ்கோடிக்கு எதிரே பிடிபட்டவர் பெரும்பாலும் கொழும்பிலிருந்து விமானத்தில் சென்னை வந்து, அங்கிருந்து வேனில் ஊர் சேர்கிறார். நெருக்கடியான சிறையில் வாரக்கணக்கில் இருந்தவர். விமான நிலையத்தில் நெற்றிக்கு நேரே காட்டும் வெப்பமானி போதாது. அங்கே சிறை வைத்தியர் பார்த்த குறிப்பு ஒரு பக்கமாவது கையில் வர வேண்டும். ஊர் வந்த வாரத்தில் காசநோய், மலேரியா இரண்டுக்கும் சோதனை, பதினைந்து நாள் கழித்து நர்ஸம்மா மறுபடி ஒரு பார்வை. மீனவர் சங்கங்கள் படகை மீட்டுத் தரக் கோரி மனு கொடுக்கும்போது இந்த ஒரு பக்கக் குறிப்பையும் கோரிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம்.